டீசல் ஒழுகினால் ஸ்பேனரை முதலில் எடுக்காதீர்கள்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய பழைய லாரி இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசல் தள்ளும் வரிசைப் பம்ப் வைத்த பழைய இன்ஜின். துறைமுகத்திலிருந்து மீன் லோடு, திரும்பும்போது கிடைத்த லோடு. ஃபில்டர் பக்கம் எந்நேரமும் ஈரம், கேபினுக்குள் டீசல் வாடை, காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியே இறங்கிவிடுகிறது. இரண்டு இடத்தில் காட்டி நட்டை முறுக்கியாயிற்று. மூன்றாவது இடத்தில் எம்சீல் பிசைந்து அப்பிவிட்டார்கள். இப்போது ஒருவர் எல்லா பைப்பையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்கிறாராம். "போடட்டுமா அண்ணே?" என்கிறார்.

வேண்டாம் தம்பி. இப்போதைக்கு ஒரு பைப்பையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு பிடி பனியன் வேஸ்ட், கொஞ்சம் திருநீறு, அரை மீட்டர் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ், ஒரு ஐந்து லிட்டர் கேன். இவ்வளவு போதும். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மாற்ற ஆரம்பித்தால், கெடாத இணைப்புகளையும் கழற்றிப் பூட்டிப் புது ஒழுகலை உண்டாக்குவதுதான் மிச்சம்.

நீங்கள் சொன்னதில் இரண்டு நோய் இருக்கிறது. ஒன்றாகவும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். ஃபில்டர் பக்கம் ஈரம் ஒன்று. காலையில் ஸ்டார்ட் ஆகாதது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜினை நிறுத்திவிட்டு, டீசல் போகும் வழியைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். டேங்கிலிருந்து ஒரு பைப் சேசிஸை ஒட்டி முன்னால் வருகிறது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுக்கும் 'முன் ஃபில்டர்' ஒன்று இருக்கும். அதைத் தாண்டினால் பெரிய பம்பின் பக்கவாட்டில், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப், அதன் தலையில் கையால் அடிக்கும் பிரைமர். இதுவரைக்கும் உறிஞ்சும் பக்கம். ஃபீட் பம்பைத் தாண்டியதும் தள்ளும் பக்கம். அங்கிருந்து பெரிய ஃபில்டர்கள், பிறகு இன்ஜெக்‌ஷன் பம்ப், அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக, டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் நாசில் பைப். மிஞ்சிய டீசல் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்ப டேங்குக்கு.

தள்ளும் பக்கத்தில் இணைப்பு சரியில்லை என்றால் டீசல் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் சரியில்லை என்றால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அந்த இணைப்பு எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும். அதனால் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். ஈரமாக இருப்பதைப் போட்டு முறுக்குவார்கள், காலையில் வண்டி பழையபடி மக்கர் பண்ணும்.

இதில் ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பட்டறைக்கு ஒரு டிரைவர் வருவார். புதுச்சேரியில் டீசல் விலை நம் பக்கத்தைவிடக் குறைவு என்பதால், கன்னியக்கோயில் தாண்டிப் போகும்போதெல்லாம் டேங்கை நிரப்பிக்கொள்வார். நம் பக்கம் வந்தால் அவசரத்துக்கு ஐம்பது லிட்டர் மட்டும். "பாண்டி டீசல் போட்டா வண்டி பறக்குது, நம்மூர் டீசல் போட்டா இருமுது, டீசல்லயே கலப்படம்" என்று சத்தியம் செய்வார். ஒருநாள் ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பேப்பர் காட்ட நிறுத்தினவர், திரும்பக் கிளப்ப முடியாமல் அங்கிருந்தே போன் செய்தார். போய்ப் பார்த்தால் டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது. ஃபில்டர் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளிப் பைப்புகள் அத்தனையும் காய்ந்து கிடக்கின்றன. கடைசியில் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயை மேலே இழுத்துப் பார்த்தோம். நடுப்பகுதியில் மயிரிழை விரிசல். டேங்க் நிறைந்திருந்தால் விரிசல் டீசலுக்குள் மூழ்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. பாதிக்குக் கீழே இறங்கினால் விரிசல் வெளியே வந்து காற்றை இழுக்கும். நிரம்பிய டேங்க் என்றாலே அவருக்குப் பாண்டி டீசல், குறைந்த டேங்க் என்றாலே நம்மூர் டீசல். கலப்படம் எதுவும் இல்லை, குழாயில் ஓட்டை. அதன்பிறகும் அவர் பாண்டியில்தான் டீசல் போட்டார், அது விலைக்காக.

உங்களுக்கு நான் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். டேங்க் நிறைந்திருக்கும்போது காலையில் நன்றாகப் பிடிக்கிறதா, குறைந்தால் மட்டும் தகராறா? ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

அடுத்தது கேன் சோதனை. ஃபீட் பம்புக்கு வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டீசல் தாங்கும் ஹோஸ் ஒன்றை அதிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். கேனை பம்பைவிடக் கொஞ்சம் உயரத்தில், சூடான பாகங்களுக்கு எட்டாமல் கட்டி வையுங்கள். ரிட்டர்ன் டேங்குக்கே போகட்டும், கேன் காலியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் தொட்டதும் பிடித்தால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். அப்போதும் பிடிக்காமல் இழுத்தடித்தால் கோளாறு ஃபீட் பம்பிலோ அதற்கு அப்பாலோ. ஃபீட் பம்புக்குள் இருக்கும் வால்வுகள் தேய்ந்து டீசலைத் திரும்ப இறங்கவிடுவதும் இதில் சேரும். ஒரு இரவில் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடலாம்.

கேனுக்கு வழியில்லை என்றால் அந்தக் கண்ணாடி ஹோஸ். முன் ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் தற்காலிகமாக மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நல்ல இணைப்பு என்றால் டீசல் ஓடுவதே தெரியாது, வெறும் மஞ்சள் கம்பி மாதிரி நிற்கும். காற்று இழுத்தால் கோலி சோடா உடைத்த மாதிரிக் குமிழிகள் ஓடும். ஸ்டார்ட் செய்தவுடன் வரும் ஒன்றிரண்டு குமிழியை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காமல் வந்தால்தான் கணக்கு. பார்த்து முடித்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். டீசல் பட்டால் அந்த வகை பிளாஸ்டிக் சில மாதத்தில் கல்லாகி வெடித்துவிடும். சோதனைக்குப் போட்டதை மறந்து அப்படியே ஓட்டி, நடுவழியில் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது ஈரத்துக்கு வருவோம். ஃபில்டர் ஹெட்டைச் சுற்றி நான்கைந்து இணைப்புகள் இருக்கும். ஒன்றில் ஒழுகினால் டீசல் எல்லாவற்றிலும் வழிந்து, இன்ஜின் அதிர்வில் பரவி, அத்தனையும் குற்றவாளி மாதிரித் தெரியும். பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் டீசல் தொட்டு அழுக்கை முழுக்கக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி, காயவிடுங்கள். பிறகு டேஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கும் திருநீற்றை ஒரு சிட்டிகை எடுத்து இணைப்புகளின் மேல் தூவுங்கள். முகப்பவுடர் இருந்தாலும் சரி. இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் வெள்ளை முதலில் கறுத்து ஈரமாகிறதோ அதுதான் ஆரம்பம். மற்றதெல்லாம் வழிந்தது. சில நேரம் ஆரம்பம் ஃபில்டர் ஹெட்டிலேயே இருக்காது. மேலே நாசில் பக்கத்து ரிட்டர்ன் பைப்பில் கசிந்து, பைப் வழியே இறங்கி, ஃபில்டரின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் அது பேன்ஜோ போல்ட்டாகத்தான் இருக்கும். உள்ளே துளையிட்ட போல்ட், அதில் மோதிரம் மாதிரி மாட்டிய பைப்பின் கண், கண்ணுக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர். இங்கே டீசலை அடைப்பது மரை அல்ல. மரை வெறுமனே அழுத்திப் பிடிக்கிறது. அடைப்பது அந்த மெல்லிய காப்பர் வாஷர். காப்பர் மென்மையாக இருப்பதால் இரண்டு பக்கத்து இரும்பின் மேடு பள்ளத்துக்குள் அமுங்கி அடைத்துக்கொள்கிறது. ஒருமுறை அமுங்கிய காப்பர் கெட்டிப்பட்டுவிடும். கழற்றி அதையே திரும்பப் போட்டால் புது மேடு பள்ளத்துக்கு வளைந்துகொடுக்காது. அப்போது நம் ஆள் என்ன செய்வார்? ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு பைப்பைச் சொருகி, தம் கட்டி முறுக்குவார். போல்ட் நடுவில் துளை உள்ளது, குறுக்கிலும் துளை உள்ளது. அந்தக் குறுக்குத் துளையில்தான் அதற்கு உயிர். அங்கே நீண்டு, ஒருநாள் ஒடிந்து, பாதி மரைக்குள் மாட்டிக்கொள்ளும். ஃபில்டர் ஹெட் அலுமினிய வார்ப்பு என்றால் போல்ட் ஒடிவதற்கு முன் மரையே வழித்துக்கொண்டு வந்துவிடும். நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய வேலை லேத் பட்டறை வரைக்கும் போகும்.

அதனால் முறுக்காமல் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் ஒரு மண் துகள்கூட இல்லாமல் கழுவியிருக்க வேண்டும். பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும், அது ஓடும் குழலான பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், மயிரிழையைவிடப் பல மடங்கு குறைவு. ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் ஒரு மணல் துகள் போனால் அதைத் தடுக்க அதன்பிறகு யாரும் இல்லை. திறந்த வாய்களுக்குச் சுத்தமான பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும்.

கழற்றியதும் வாஷரைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முகத்தைப் பாருங்கள். ஒழுகலின் கதையெல்லாம் அதில் எழுதியிருக்கும். முழு வட்டமாக ஒரே மாதிரிப் பளபளப்பு இருந்தால் அந்த முகம் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் பளபளத்து எதிர்ப்பக்கம் மங்கலாக இருந்தால் பைப் கோணலாக இழுத்துக்கொண்டிருக்கிறது, வாஷர் மாற்றினாலும் திரும்ப ஒழுகும். பைப்பைக் கொஞ்சம் வளைத்து, போல்ட் போடாமலே கண் தன் இடத்தில் தானாக உட்காரும்படி செய்ய வேண்டும். உள்ளிருந்து வெளியே குறுக்காக ஒரு கோடு ஓடினால் அதுதான் டீசல் வந்த வாய்க்கால். விரல் நகத்தைப் பைப் கண்ணின் முகத்தில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் அங்கே இருக்கிறது. வட்டவட்டமான கோடுகள் பரவாயில்லை, குறுக்குக்கோடுதான் ஆகாது. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் நானூறாம் நம்பர் எமரித் தாளை வைத்து, ஒரு சொட்டு டீசல் விட்டு, கண்ணை எட்டு வடிவத்தில் தேய்த்தால் பத்து நிமிடத்தில் சமமாகிவிடும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். ஃபில்டர் ஹெட் பக்கத்து முகத்தில் மட்டும் எமரியோ அரமோ வைக்காதீர்கள். அது லேத்தில் முகம் எடுக்க வேண்டிய வேலை.

வாஷர் புதிதாகவே போடுங்கள், உள்விட்டமும் கனமும் பழையதற்கு ஒத்ததாக. ஒரே பக்கத்தில் இரண்டு வாஷரை அடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, வண்டி கிளம்பியே ஆக வேண்டும் என்றால் காப்பர் வாஷரைப் பதப்படுத்தித் திரும்பப் போடலாம். கம்பியில் கோத்து, வண்டியிலிருந்தும் டீசலிலிருந்தும் தள்ளிப்போய், கேஸ் அடுப்பு நெருப்பில் காட்டுங்கள். முதலில் வானவில் மாதிரி நிறம் ஓடும், பிறகு கறுக்கும். நிழலில் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும்போது போதும். அதற்கு மேல் சூடேற்ற வேண்டாம். எடுத்துத் தண்ணீரில் போட்டால் சொய்ங் என்று கறுப்புத் தோல் உரிந்து உள்ளே ரோஜா நிறம் வரும். இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கெட்டியாகும். காப்பர் மெதுவாக ஆறினாலும் சரி, தண்ணீரில் விழுந்தாலும் சரி, மென்மையாகத்தான் ஆகும். விரலால் வளைத்தால் ஈயம் மாதிரி வளையும், அதுதான் அடையாளம். மிச்சம் இருக்கும் கறுப்பை லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள். அலுமினிய வாஷரை இப்படிச் செய்யப் பார்க்காதீர்கள். அது சிவக்காமலே உருகி விழுந்துவிடும். ரப்பர் ஒட்டிய வாஷருக்கும் இந்த வேலை கிடையாது.

பூட்டும்போது கையாலேயே கடைசிவரை போக வேண்டும். நடுவில் கடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம், திரும்ப எடுத்துவிடுங்கள். உட்கார்ந்த பிறகு ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சின்ன ஸ்பேனரால் முறுக்குங்கள். வாஷர் அமுங்குவது கைக்குத் தெரியும், கொஞ்சம் வெண்ணெய் மாதிரிப் போய் அப்புறம் நிற்கும். நின்றதும் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். டார்க் ரெஞ்ச் இருந்தால், அந்த இன்ஜின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு.

டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பேன்ஜோவிலும், கூம்பு முகம் வைத்த நட்டுகளிலும் அதற்கு வேலையே இல்லை. நான் முன்பே சொன்ன மாதிரி அங்கே அடைப்பது மரை அல்ல. டேப்பின் நூல் பிய்ந்து பம்புக்குப் போனால் அதுதான் பெரிய செலவு. அந்த எம்சீலையும் உரித்து எடுத்துவிடுங்கள். சூடு காட்டாமல், மழுங்கிய உளியால் மெதுவாகப் பெயர்த்தால் தகடு தகடாக வரும். அது வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும் கட்டு. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால், உள்ளே விரிசல் எவ்வளவு நீள்கிறது என்பதே தெரியாமல் போகும்.

பேன்ஜோ போல்ட் விஷயத்தில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. பம்பிலிருந்து ரிட்டர்ன் கிளம்பும் இடத்தில் இருக்கும் போல்ட் வெளிப்பார்வைக்கு மற்றவை மாதிரியேதான் இருக்கும். பல வண்டிகளில் அதற்குள் ஸ்பிரிங்கும் குண்டும் வைத்த ஓவர்ஃப்ளோ வால்வ் இருக்கும். பம்புக்குள் டீசலைக் கொஞ்சம் அழுத்தத்தில் நிறுத்தி வைப்பது அதுதான். ஒழுகுகிறது என்று அதைக் கழற்றி, அளவு சரியாக இருக்கிறதே என்று சாதா போல்ட்டை மாட்டிவிட்டால் ஒழுகல் நின்றுவிடும், கூடவே மேட்டில் இழுவையும் நின்றுவிடும். நான்கு போல்ட்டைக் கழற்றினால் எது எங்கிருந்து வந்தது என்று செல்போனில் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

நட்டுக்குள் ஆலிவ் வைத்த இணைப்புகள் வேறு ஜாதி. பைப்பின் மேல் ஏறிக் கடித்துப் பிடிக்கும் அந்தச் சின்ன பித்தளை அல்லது இரும்பு வளையம் ஒருமுறை கடித்த இடத்திலேயே இருக்க வேண்டியது. ஒழுகினால் பைப்பை அந்த வளையத்துக்குப் பின்னால் வெட்டி, புது வளையம் போடுங்கள், பைப்பில் நீளம் இருந்தால். வெட்டுவதற்குச் சக்கரம் வைத்த பைப் கட்டர்தான். ஹேக்ஸாவால் அறுத்தால் முகம் கோணலாகும், இரும்புத்தூள் பைப்புக்குள் போகும். வெட்டியபின் உள் விளிம்பின் பிசிறை எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று இணைப்பின் உடம்பைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. பம்பின் தலையில் நாசில் பைப் நட்டைக் கழற்றும்போதும் இதே. அடியில் இருக்கும் டெலிவரி வால்வ் ஹோல்டர் கூடவே சுற்றிவிட்டால், நீங்கள் நினைத்தே பார்க்காத இடத்தில் புது ஒழுகல் ஆரம்பிக்கும்.

நாசில் பைப் நட்டுக்குப் பக்கத்தில் ஒழுகினால் முதலில் கிளாம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். பைப்புகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் சின்னத் தகடு அது. யாரோ எப்போதோ கழற்றி, "இது எதுக்கு" என்று மூலையில் போட்டிருப்பார்கள். கிளாம்ப் போன பைப் இன்ஜின் அதிர்வில் ஆடி ஆடி, நட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி விரிசல் விடும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த விரிசல் மூடாது. அந்தப் பைப்பை வெல்டிங்கோ பிரேசிங்கோ செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அதே நீளம், அதே உள் துளை. வேறு நீளத்தில் வளைத்து மாட்டினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகும் நேரமே மாறும்.

மீன் லோடு என்று சொன்னீர்களே, அதனால் ஒன்று. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடியிலிருந்து சேசிஸில் சொட்டி, பைப்பைப் பிடித்திருக்கும் ரப்பர் வைத்த கிளிப்புகளுக்குள் புகுந்துகொள்ளும். கடற்காற்று வேறு. வெளியே பைப் பெயிண்டோடு நன்றாகத் தெரியும், கிளிப்பைத் திறந்தால் உள்ளே துரு அரித்து ஊசித்துளை. உங்கள் வண்டியில் காற்று இழுக்கும் இடம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டேங்கிலிருந்து முன்னால் வரைக்கும் ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி நடுவில் ரப்பர் ஹோஸ் சொருகாமல், அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள். துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், துத்தநாகமும் டீசலும் ஒத்துப்போகாது. ஹோஸ் போட வேண்டிய இடத்தில் டீசலுக்கென்று எழுதியிருக்கும் ஹோஸ்தான் போட வேண்டும். ரேடியேட்டர் ஹோஸோ தோட்டத்துப் பைப்போ போட்டால் உள்ளே ஊறி, உரிந்து, ஃபில்டரை அடைக்கும்.

பழைய பிரைமர் பம்பின் அடியில் கசிவு, ஓ-ரிங் சுருங்கிப்போயிருக்கிறது என்றால் அதில் ஆச்சரியமில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ் 6 (வண்டிப் புகைக்கான அரசுத் தரம்) டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு; அதற்கு முந்தைய பிஎஸ் 4-ல் 50. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வேறு சில குணங்களும் மாறும். பழைய நைட்ரைல் ரப்பர் முன்பு ஊறியிருந்த அளவுக்கு இப்போது ஊறாது, சுருங்கும். அமெரிக்காவில் 1993-ல் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோதே பழைய வண்டிகளில் இப்படி ஒழுகல் கிளம்பியது. ஓ-ரிங் சில ரூபாய்தான், விட்டான் ரப்பரில் கேட்டு வாங்கிப் போடுங்கள். பம்ப் பாகம் கேட்கப் போனால் கடைக்காரர் இன்னமும் "மைக்கோவா?" என்றுதான் கேட்பார். 1951-ல் ஆரம்பித்த அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பட்டறைகளின் வாயில் பெயர் மாறவில்லை.

எல்லாம் பூட்டியாயிற்று என்றால் காற்றை எடுங்கள். ஃபில்டர் ஹெட்டின் மேல் இருக்கும் பிளீட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கீழே டப்பா வைத்து, பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு நுரையும் டீசலும், பிறகு வெறும் டீசல். பிரைமரை அடித்துக்கொண்டே இருக்கும்போது ஸ்க்ரூவை மூடுங்கள். அடுத்தது பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, இதே மாதிரி. அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் வந்ததும் ஒவ்வொன்றாக மூட வேண்டும். கையும் முகமும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு தடவைக்குப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், ஆறவிட்டு அடியுங்கள்.

நாசில் நட்டைத் தளர்த்தும் இந்த வேலை உங்கள் பழைய இன்ஜினுக்கு மட்டும். நாளைக்குக் காமன் ரெயில் வண்டி, அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் வைத்திருக்கும் புது வகை, வாங்கினால் அதில் கை வைக்கக்கூடாது. அங்கே அழுத்தம் 1,600 பாருக்கு மேல், அதாவது ஏறத்தாழ காற்றழுத்தத்தின் 1,600 மடங்குக்கு மேல் போகும். கண்ணுக்குத் தெரியாத ஊசித் தாரை தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், வலிகூட முதலில் தெரியாது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலைக்குப் போகும். அப்படிப் பட்டுவிட்டால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பழைய பம்பிலும் நாசில் பைப்பில் இருநூறு பாருக்கு மேல் வரும் என்பதால் ஒழுகலை விரலால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

"டீசல்தானே, பெட்ரோலா என்ன, தீயா பிடிக்கப்போகுது" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தியத் தரத்தில் டீசல் ஆவி தீப்பற்றும் வெப்பநிலைக்குக் கீழ்வரம்பு 35 டிகிரி. கத்திரி வெயிலில் நம் ஊர் காற்றே அதைத் தாண்டும். அதற்கு மேல், சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் தூவானமாகத் தெளித்தால் பொறிகூட வேண்டாம், அந்தச் சூடே போதும். அதனால் மேனிஃபோல்ட் பக்கத்து ஒழுகல் என்றால் அன்றைக்கே, மற்றதற்கு ஞாயிறு வரை பொறுக்கலாம்.

காசுக் கணக்கும் ஒன்று. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் பத்து மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 1.8 லிட்டர். மாதம் இருபத்தைந்து நாள் ஓடினால் 45 லிட்டர், நம் பக்கத்து விலையில் நாலாயிரம் ரூபாய். அந்த 45 லிட்டரும் ரோட்டில்தான் கொட்டுகிறது, பின்னால் பைக்கில் வருகிறவன் வளைவில் அதன் மேல் சறுக்கினால் அவன் வீட்டுக் கணக்கு வேறு.

முதலில் கேன் சோதனையைச் செய்யுங்கள். பிறகு அந்த எம்சீலை எடுத்துவிட்டு, திருநீறு தூவி, எது முதலில் கறுக்கிறது என்று பாருங்கள். கழற்றிய வாஷரை எறியாமல் இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் படம் எடுங்கள், ரிட்டர்ன் போல்ட்டையும் உள்பக்கம் தெரியும்படி ஒரு படம். அனுப்பினால் வால்வ் இருக்கிறதா, யாராவது ஏற்கெனவே மாற்றிவிட்டார்களா என்று சொல்கிறேன்.